நீலகிரியில் வீடு கட்ட வருகிறீர்களா? கல் இறக்கும் முன் பார்க்க வேண்டியவை

கோத்தகிரிக்குக் கீழே ஒரு சின்ன ஊராட்சியில் நாங்கள் குடிவந்து பதினொரு வருடம் ஆகிறது. மாதத்துக்கு ஒருவராவது கோவையிலிருந்தோ சென்னையிலிருந்தோ போன் செய்து, "பத்து சென்ட் பார்த்திருக்கிறோம், நல்ல வியூ, வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். அந்தப் பத்து சென்ட்டுக்கு மேலே யார் இருக்கிறார்கள், கீழே யார் இருக்கிறார்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது. வியூவைத்தான் பார்த்திருப்பார்கள்.

சமவெளியில் ஒரு மனைக்கு நான்கு பக்கம். மலையில் மேல், கீழ் என்று இன்னும் இரண்டு உண்டு. மேலே இருப்பவர் விடும் தண்ணீர் உங்கள் முற்றத்துக்கு வரும். நீங்கள் வெட்டிப்போடும் மண் கீழே இருப்பவரின் கூரைக்கு மேலே நிற்கும். எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று அரசு போடும் மாஸ்டர் பிளான், மலைப்பகுதிக் கட்டடங்களுக்கான ஹாக்கா அனுமதி, துறைகள் தரும் தடையின்மைச் சான்று என்று காதில் விழுவதெல்லாம் இந்த மேல் கீழ் கணக்கைச் சரிசெய்யத்தான் வந்தன. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதாகப் புரியும்.

முதலில் ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள்

இதைச் சொன்னால் பலருக்கும் பிடிக்காது, தெரியும். ஆனால் ஏப்ரல், மே சீசனில் மட்டும் வந்து மனை பார்த்தவர்கள் இந்த மலையின் பாதியைத்தான் பார்த்திருக்கிறார்கள். நீலகிரிக்கு இரண்டு மழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், நடுவட்டம், அவலாஞ்சிப் பக்கம் அடித்துப் பெய்யும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கு மேல் பதிவானது. சென்னையில் வருடம் முழுக்கப் பெய்வதே சுமார் 1,400 மில்லிமீட்டர்தான். குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பயம். 1993 நவம்பரில் குன்னூர் - மேட்டுப்பாளையம் சாலையில் மரப்பாலத்தில் மலை இறங்கியது. 2009 நவம்பரில் மாவட்டம் முழுக்க மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். எங்கள் ஊரில் பெரியவர்கள் இன்றும் நவம்பரில் இரவு மழை வலுத்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

அதனால் நீங்கள் பார்த்து வைத்திருக்கும் இடத்தை எந்தப் பக்கத்து மழை அடிக்கும் என்று கேட்டு, அந்த மாதத்தில் ஒரு தடவை, குடை பிடித்துக்கொண்டு, போய் நில்லுங்கள். மாவட்ட நிர்வாகம் பேரிடர் அபாயம் உள்ளவை என்று 283 இடங்களை அடையாளம் கண்டு வைத்திருக்கிறது. உங்கள் இடம் அதில் இருக்கிறதா, பக்கத்தில் இருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடமும் தாசில்தார் அலுவலகத்திலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பட்டியலில் இல்லாத இடம் பாதுகாப்பானது என்று அர்த்தம் இல்லை.

வாடகைக்கு இருக்கும் வருடத்தில் இன்னொன்றும் தெரியவரும். கோடையில் எத்தனை நாளுக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வருகிறது, தண்ணீர் லாரிக்கு என்ன கேட்கிறார்கள், சாலையிலிருந்து வீட்டுக்கு எத்தனை படி. இங்கே நிறைய வீடுகளுக்கு வண்டி போகாது. படுத்த படுக்கையாக இருப்பவரை நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் படியில் தூக்கிக்கொண்டு இறங்குவதை ஒரு தடவை பார்த்தால், மனை தேடும்போது முதலில் பாதையைத்தான் கேட்பீர்கள்.

தண்ணீர் எந்த வழியாக வருகிறது?

எனக்கு மிக முக்கியமான படி இது. இதில் அவசரப்படாதீர்கள்.

மனையின் மேல் எல்லையில் நின்று மேலே பாருங்கள். தேயிலைச் சரிவில் எங்காவது பள்ளமாக ஒரு கோடு இறங்குகிறதா? பெரணியும் கோரைப்புல்லும் அங்கே மட்டும் பச்சையாக நிற்கிறதா? காலை வைத்தால் மண் அமுங்குகிறதா? அப்படியென்றால் அது தண்ணீர் போகும் இடம், கோடையில் காய்ந்து கிடந்தாலும் சரி. புல வரைபடத்தில் ஓடை போட்டிருந்தால் அதை நிலத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். ஓடை வரைபடத்தில் இருந்து தரையில் காணவில்லை என்றால் யாரோ மண் போட்டு நிரப்பியிருக்கிறார்கள். அந்த மனையை விட்டுவிடுங்கள்.

இதற்குப் பெரிய உதாரணம் ஊட்டி நகரத்தின் நடுவிலேயே இருக்கிறது. அன்றைய கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1820களில் வெட்டிய ஏரி இப்போது தெரிவதைவிடப் பெரியது. இன்றைய பேருந்து நிலையமும் ரேஸ்கோர்ஸ் மைதானமும் பழைய ஏரிப் பரப்பில்தான் இருக்கின்றன. கனமழை பெய்தால் தண்ணீர் அங்கே வந்து நிற்பதில் ஆச்சரியம் இல்லை. சதுப்பு என்றால் வீணான நிலம் என்று நினைத்துத்தான் இந்த மலையில் பல சதுப்புகளை மூடினார்கள். பஞ்சு மாதிரி மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு கோடையில் ஊற்றாகக் கசியவிடுவது அந்தச் சதுப்பும், மேலே இருக்கும் சோலைக்காடும் புல்வெளியும்தான். படுகர் மக்களின் ஊர்களான ஹட்டிகளில் வயதானவர்களிடம் கேளுங்கள். தங்கள் ஊருக்குத் தண்ணீர் எந்த ஊற்றிலிருந்து வருகிறது, எந்த வருடம் அது வற்றியது, அப்போது மேலே என்ன வேலை நடந்தது என்று சொல்வார்கள்.

புரோக்கர் "தண்ணி பிரச்சினையே இல்ல சார், போர் போட்டுக்கலாம்" என்பார். நம்பாதீர்கள். நீலகிரியில் ஆழ்துளைக் கிணறு போடக் கடுமையான கட்டுப்பாடு உண்டு, அனுமதி இல்லாமல் போட முடியாது. கூரைத் தண்ணீரைப் பிடிக்கத் தொட்டி கட்டுவதை முதலிலேயே வீட்டுச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு, உங்கள் இடத்தை விட்டு வெளியே போகும் தண்ணீர். இதில் நாங்கள் செய்த தவறைச் சொல்கிறேன். எங்கள் வீட்டைக் கட்டிய மேஸ்திரி சமவெளிக்காரர். நல்ல வேலைக்காரர். கூரைத் தண்ணீர் முழுவதையும் ஒரே நாலு இஞ்ச் பைப்பில் சேர்த்து மனையின் மூலையில் விட்டுவிட்டார். சமவெளியில் அது போதும். முதல் நவம்பரில் இரண்டு நாள் மழை. மூன்றாம் நாள் காலையில் கீழ்த் தோட்டத்து அக்கா குடையோடு படியேறி வந்தார். கையில் ஒரு பிடி மண். "தம்பி, இது என் கேரட் பாத்தி மண்ணு. மீதியெல்லாம் உங்க பைப் தண்ணி கொண்டுபோயிருச்சு" என்றார். சத்தம் போடவில்லை. இறங்கிப்போய்ப் பார்த்தோம். பைப் வாயிலிருந்து அவர் பாத்தி வரைக்கும் முழங்கால் ஆழத்துக்கு ஒரு பிளவு. விதைத்து ஒரு மாதமான கேரட், வேர் வெளியே தெரியத் தெரிய, சேற்றில் படுத்துக் கிடந்தது.

அவருக்கு நஷ்டத்தைக் கொடுத்தோம். அப்புறம் உள்ளூர் கொத்தனார் ஒருவரைக் கூப்பிட்டுப் படி வைத்த கல் வாய்க்கால் கட்டினோம். ஒவ்வொரு படியிலும் விழுந்து தண்ணீரின் வேகம் உடையும். கடைசியில் ஒரு மண் தொட்டி. அதில் வண்டல் தங்கிவிடும், தெளிந்த தண்ணீர் சாலையோர வடிகாலில் சேரும். மாதம் ஒரு தடவை தொட்டியை வழித்துப் போட வேண்டும். இதை முதலிலேயே செய்திருந்தால் பாதிச் செலவில் முடிந்திருக்கும். வீட்டு வரைபடத்தில் கழிவறை எங்கே என்று பார்ப்பதற்கு முன்னால் வாய்க்கால் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள்.

பத்திரமும் பட்டாவும்

பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புல வரைபடம், முப்பது வருடத்துக்கு வில்லங்கச் சான்று. இவை எல்லா ஊருக்கும் பொது. பெரும்பாலானவற்றை அரசின் இணையதளத்திலேயே எடுக்கலாம். நீலகிரிக்கென்று தனியாகப் பார்க்க வேண்டியவை சில உண்டு.

கூடலூர், பந்தலூர்ப் பக்கம் நிலம் என்றால் "செக்‌ஷன் 17" என்ற சொல் வருகிறதா என்று கேளுங்கள். ஜென்மிகள் என்ற பழைய நிலவுடைமையாளர்களின் உரிமையை ஒழிக்க ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் 1969இல் வந்தது. அதன் 17ஆம் பிரிவில் வரும் நிலங்களின் உரிமை இன்னும் தீரவில்லை. அங்கே தலைமுறையாக இருக்கும் குடும்பங்களே பட்டாவுக்கும் மின் இணைப்புக்கும் அலைந்துகொண்டிருக்கின்றன. அதில் நீங்கள் போய்ப் பணம் போடாதீர்கள். பழங்குடியினருக்கு ஒப்படைத்த நிலம், நிபந்தனைப் பட்டா நிலம், பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலம் இவற்றையும் வாங்கக் கூடாது. "பவர் எழுதித் தருகிறோம்" என்று வந்தாலும் வேண்டாம். அந்த நிலம் அதைப் பெற்ற மக்களிடமே இருக்க வேண்டும் என்பதற்காகவே சட்டம் அப்படி வைத்திருக்கிறது.

எஸ்டேட்டைத் துண்டு போட்டு விற்கும் இடங்களில் மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். தனியார் நிலத்தில் இருக்கும் காடுகளுக்கும் 1949ஆம் வருடச் சட்டம் ஒன்று உண்டு. "பட்டா நிலம்தானே" என்று மரத்தோடு வாங்கியவர்கள் பிறகு வன அலுவலகத்துக்கு நடந்திருக்கிறார்கள்.

மசினகுடி, சீகூர்ப் பக்கம் யானை வழித்தடம். 2010இல் அரசு அறிவிக்கை வெளியிட்டது. 2018இல் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி அங்கே ரிசார்ட்டுகளுக்குச் சீல் வைத்தார்கள். 2020 அக்டோபரில் அதே நீதிமன்றம் அறிவிக்கையைச் செல்லும் என்று சொல்லிவிட்டது. அங்கே பத்திரம் வைத்திருந்தவர்கள் எத்தனையோ பேர். நிலம் உங்கள் பெயரில் இருப்பது வேறு, அதில் கட்டலாம் என்பது வேறு.

அனுமதி வாங்குவது

ஹாக்கா என்று எல்லோரும் சொல்வது மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தை. 1990இல் தொடங்கியது. எந்தெந்த வருவாய்க் கிராமங்கள் அதன் கீழ் வருகின்றன என்று அரசாணைப் பட்டியல் இருக்கிறது. உங்கள் கிராமம் அதில் இருந்தால் உள்ளாட்சி அலுவலகத்தோடு வேலை முடியாது. சரிவையும் மண்ணையும் பார்க்க வேளாண் பொறியியல் துறை, பாறையைப் பார்க்கக் கனிமவளத் துறை, காட்டு எல்லையைப் பார்க்க வனத்துறை என்று ஒவ்வொன்றாகத் தடையின்மைச் சான்று வேண்டும். கட்டடத்தின் பரப்பும் உயரமும் கூடக்கூட கோப்பு மேலே போகும். உயர வரம்பு, பரப்பு வரம்பு, சரிவு வரம்பு மூன்றையும் அலுவலகத்தில் கேட்டு அன்றைய விதிப்படி எழுதி வாங்கிக்கொண்டு, அப்புறம் இன்ஜினியரிடம் வரைபடம் போடச் சொல்லுங்கள். பலரும் வரைபடத்தைப் போட்டுவிட்டு விதியை அதற்குள் அடக்கப் பார்க்கிறார்கள்.

மாதக்கணக்கில் ஆகும். பொறுத்துக்கொள்ளுங்கள். "வேலையை ஆரம்பிங்க, பேப்பர் பின்னாடி வரும்" என்பவரிடமிருந்து விலகிவிடுங்கள். வீட்டுக்கு அனுமதி வாங்கிவிட்டு அதை காட்டேஜாக ஓட்டவும் கூடாது. சீல் வைத்த கட்டடங்களில் நிறைய இந்தக் கதைதான். மனையில் இருக்கும் மரத்தை வெட்டுவதற்கும் தனி அனுமதி உண்டு, மலைப்பகுதி மரங்களைக் காக்கும் சட்டம் 1955 முதல் இருக்கிறது.

மண் வெட்டும் முன்

இங்கே பல இடங்களில் பாறைக்கு மேலே கனமான செம்மண். வெயிலில் அது கல் மாதிரி நிற்கும். ஆறேழு அடி செங்குத்தாக வெட்டினாலும் அசையாது, அதைப் பார்த்துத்தான் ஏமாந்துபோகிறோம். தொடர்மழையில் தண்ணீர் செம்மண்ணுக்குள் இறங்கிப் பாறையில் முட்டி நிற்கும். மண் கனமாகும், பிடிமானம் போகும். அப்போது அது மொத்தமாக இறங்கும்.

2024 பிப்ரவரியில் லவ்டேல் அருகே ஒரு வீட்டு வேலை நடந்த இடத்தில் மண் சரிந்து, மேலே இருந்த கட்டடச் சுவரும் விழுந்து, வேலை செய்துகொண்டிருந்த ஆறு பெண்கள் இறந்தார்கள். பிப்ரவரி மழைக்காலம் இல்லை. மழை இல்லாமலேயே, வெட்டிய மண்ணுக்குக் கீழே ஆட்கள் நின்றதாலேயே அது நடந்தது. கூலிக்கு வரும் பெண்கள் எங்கே நிற்கச் சொல்கிறோமோ அங்கே நிற்பார்கள். உங்கள் மனையில் அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பது உங்கள் பொறுப்பு. காண்ட்ராக்டரிடம் விட்டுவிட்டுச் சென்னையில் உட்கார்ந்திருக்காதீர்கள்.

ஜேசிபி, பொக்லைன் கொண்டுவர மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும் மலையை வீட்டுக்கு ஏற்ற மாதிரி வெட்டாமல் வீட்டை மலைக்கு ஏற்ற மாதிரிப் படி படியாக இறக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். மண் வேலையை ஜனவரி முதல் மார்ச்சுக்குள் முடியுங்கள். மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, வெட்டிய பகுதிக்குத் தடுப்புச்சுவர் எழுப்பிய பிறகே அடுத்த பகுதி. சுவருக்குப் பின்னால் ஜல்லி போட்டு, சுவரில் தண்ணீர் வடியத் துளை விட்டிருக்கிறார்களா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். துளை இல்லாத தடுப்புச்சுவர் ஒரு அணை மாதிரி. எத்தனை மழை தாங்கும் என்று யாரும் சொல்ல முடியாது. வெட்டிய மண்ணைச் சரிவில் தள்ளிவிடவும் கூடாது. அடுத்த மழையில் அது ஓடையை அடைக்கும்.

செப்டிக் டேங்கும் குப்பையும்

உறிஞ்சுகுழி எங்கே இருக்கிறதோ அதற்குக் கீழே ஊற்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் குழியை இடம் மாற்றுங்கள். செப்டிக் டேங்க் லாரி வந்து நிற்க வழி இருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே யோசியுங்கள். ஈரக் குப்பையை வெளியே வைத்தால் கரடி வரும், காட்டுப்பன்றி வரும், அப்புறம் பக்கத்து வீட்டுக்கும் போகும். பிளாஸ்டிக் தடை இங்கே இருபது வருடத்துக்கும் மேலாக இருக்கிறது, சாமான் கொண்டுவரும்போதே பார்த்துக் கொண்டுவாருங்கள். வேலி போடுவதானால் காட்டெருமை நடக்கும் தடத்தை விட்டுப் போடுங்கள். பாதை அடைபட்டால் அது சாலைக்கு இறங்கும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடக்கும் சாலைக்கு.

வெளியூர்ப் பதிவெண் வண்டி வைத்திருப்பவர்கள் இ-பாஸ் என்ற இணையவழி நுழைவு அனுமதி விஷயத்தையும் முடித்துக்கொள்ளுங்கள். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது நடைமுறைக்கு வந்தது. 2025 ஏப்ரல் முதல் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 சுற்றுலா வண்டிகள் என்று எண்ணிக்கையும் வைத்தார்கள். நீலகிரிப் பதிவெண்ணான டிஎன் 43 வண்டிகளுக்கு இது தேவையில்லை.

ஊர்க் கூட்டத்துக்கு வாருங்கள்

வீடு கட்டி முடித்ததும் கதவைச் சாத்திக்கொள்கிறவர்கள் நிறைய. அவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. இன்னொரு வகையினர், தங்கள் வீடு முடிந்த மறுமாதமே "இனிமேல் இங்கே யாரும் கட்டக் கூடாது" என்று மனுப் போடுகிறவர்கள். இந்த மலையில் மிக மோசமான சரிவில் இருப்பவர்கள் யார் என்று அவர்கள் ஒரு தடவை நடந்து பார்க்க வேண்டும். 1964 இந்திய - இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயிலும் தனியார் எஸ்டேட்டிலும் இலை பறித்த குடும்பங்கள், எஸ்டேட் தொழிலாளர்களுக்கான லைன் வீட்டை விட்டு வந்து ஓடையோரத்திலும் சாலைச் சரிவிலும் கிடைத்த இடத்தில் சுவர் எழுப்பியவர்கள். அவர்களுக்கு வேறு இடம் கொடுக்காமல் "ஆக்கிரமிப்பு" என்று மட்டும் சொல்வது நியாயம் இல்லை. விதி வேண்டும், அதோடு மாற்று இடமும் வேண்டும் என்று கேட்பதுதான் ஊரில் இருப்பவர் பேச வேண்டிய பேச்சு.

கிராம சபை வருடத்தில் ஆறு நாள் நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நகராட்சியில் இருப்பவர்களுக்கு வார்டு கமிட்டியும் பகுதி சபையும் உண்டு. முதல் இரண்டு கூட்டத்தில் பேசாமல் உட்கார்ந்து கேளுங்கள். எந்தத் தெருவில் தண்ணீர், எந்த வளைவில் சரிவு என்று ஊரின் வரைபடம் அங்கே வாய்மொழியாகவே கிடைக்கும். மூன்றாவது கூட்டத்தில் பேசுங்கள். ஒரு மனுவில் ஒரு விஷயம் மட்டும். சர்வே எண், இடத்தின் அடையாளம், மழையில் எடுத்த போட்டோ ஒன்று, பாதிக்கப்பட்ட நான்கைந்து பேரின் கையெழுத்து. தீர்மானப் புத்தகத்தில் எழுதுகிறார்களா என்று நின்று பாருங்கள். எழுதவில்லை என்றால் அது பேச்சோடு போய்விடும். பிறகு அதே மனுவின் நகலைத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டிக் கேளுங்கள், முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

மாஸ்டர் பிளான் விஷயம் இதைவிட நீளமானது. 1971ஆம் வருட நகர் ஊரமைப்புச் சட்டப்படி வரைவுத் திட்டத்தை வெளியிட்டு, மக்கள் ஆட்சேபணை சொல்லக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும். அந்த இரண்டு மாதத்தில் அலுவலகத்துக்குப் போய் வரைபடத்தில் உங்கள் ஊரின் சர்வே எண்களைத் தேடிப் பாருங்கள். சதுப்பு இருக்கும் எண்ணுக்கு என்ன நிறம் அடித்திருக்கிறார்கள்? ஊற்றுக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டம் குடியிருப்பாக மாறியிருக்கிறதா? ஊரின் சுடுகாடும் மேய்ச்சல் நிலமும் இருக்கின்றனவா, இல்லை வெறும் புறம்போக்கு என்று போட்டிருக்கிறார்களா? எழுதிக்கொண்டு வந்து ஊரில் நான்கு பேருக்குத் தமிழில் விளக்குங்கள். அலுவலகத் தமிழும் ஆங்கிலமும் படிக்கத் தெரிந்த புதியவர்கள் ஊருக்குச் செய்யக்கூடிய உருப்படியான உதவி இது. வரைபடத்தைப் படித்துச் சொல்ல ஆள் இருந்தால், என்ன ஆட்சேபணை என்று ஊர்க்காரர்களே தெளிவாகச் சொல்லிவிடுவார்கள்.

எங்கள் தெருவில் சாலைக்குக் குறுக்கே போகும் பழைய குழாய் சிறியது. இலையும் பாட்டிலும் அடைத்து, ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் சாலை மேல் ஏறி அதே கேரட் தோட்டத்துக்குள் இறங்கும். அக்கா பெயரில்தான் மனுவை எழுதினோம், அவர்தான் கிராம சபையில் எழுந்து பேசினார். ஒன்றரை வருடம் ஆனது. மூன்று தடவை நினைவூட்டு மனு. இப்போது அங்கே ஆள் குனிந்து உள்ளே போகும் அளவுக்குக் கான்கிரீட் பெட்டிப் பாலம் இருக்கிறது. அந்த மனுவின் நகல் ஊரில் நான்கைந்து வீட்டில் இருக்கிறது, கேட்டால் தருவார்கள். சர்வே எண்ணையும் தேதியையும் மாற்றி எழுதிக்கொண்டால் போதும். போட்டோவை மழை நின்ற பிறகு எடுக்காதீர்கள், தண்ணீர் ஓடும்போதே எடுங்கள்.